மீன் வயிற்றில் ஏழு சுண்டெலிகள்

க்ளெனிஸ் ஹாடோவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் டன்மோர் ஊரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சிவப்பு வேனில் பண்ணை பண்ணையாகத் தபால் போடுகிறவள். யார் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இரண்டாவதை அவள் ஓர் ஓடைக்காகக் கற்றுக்கொண்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஓடிப்போன நாயைத் தேடி மலைமுகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியபோது கண்ட ஓடை அது. வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது, ஒரு மெல்லிய நீலக் கோடு மட்டும். பீச் என்னும் காட்டுமரங்களுக்குள், அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெரியும் தண்ணீர். ஒவ்வொரு மடுவிலும் ஒரே ஒரு டிரவுட் மீன், கை நீளத்துக்கு. மனுஷன் என்றால் என்னவென்று அந்த மீன்களுக்கு இன்னும் தெரியவில்லை என்பது அவை நின்ற நிதானத்திலேயே தெரிந்தது. மொத்தம் இருபது மீன் இருக்கும். நாலு பேருக்குத் தெரிந்தால் ஒரே கோடையில் காலி. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்தே வந்தது. பிறகு சந்தோஷம் வந்து வந்து போனது, பயம் அப்படியே தங்கிவிட்டது.

கணவன் கெவின் அந்த ஓடையைப் பற்றித் தெரியாமலேதான் இறந்துபோனான். அவனிடமாவது சொல்லியிருக்கலாமோ என்று சில நாள் உறுத்தும். சொல்லியிருந்தால் அவன் தன் தம்பியிடம் சொல்லியிருப்பான் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

இந்த வருடம் எலி வருடம். பீச் மரங்கள் விதையைக் கொட்டித் தீர்த்த பிறகு காடெங்கும் சுண்டெலி பெருகிவிடும். அவை ஓடையை நீந்திக் கடக்கும்போது டிரவுட் விழுங்கிக் கொழுக்கும். க்ளெனிஸ் பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவள். பிப்ரவரியில் ஒரு மீனுக்கு மட்டும் தூண்டில் முள் தொண்டைக்குள் ஆழமாக மாட்டிக்கொண்டது. விட்டாலும் பிழைக்காது. வீணாக்க மனமில்லாமல், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த பெட்ரோல் பங்க் நடத்தும் பெரிலுக்குக் கொடுத்தாள். "பெரிய ஆத்துல பிடிச்சேன்" என்றாள். வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து கொடுக்க மறந்துபோனாள்.

மறுநாள் காலை பங்க்கில் வேனை நிறுத்தியதும் பெரில் கத்தினாள்.

"அடிப்பாவி க்ளெனிஸ்! மீன் கொடுத்தியா, எலிப்பொறி கொடுத்தியா? வயித்தைக் கீறினா ஏழு எலி! எண்ணிப் பார்த்தேன்டி, ஏழு!"

உள்ளே மர்ரே டெய்ட் இறைச்சி வைத்த பஃப் தின்றுகொண்டிருந்தான். வேலி போடுகிற மர்ரே. பள்ளியில் க்ளெனிஸோடு ஒரே வகுப்பு. நாற்பது வருடமாகத் தூண்டிலும் கையுமாக அலைகிறவன். மெல்லுவதை நிறுத்தினான்.

"பெரிய ஆத்து மீனா?"

"ஆமா."

"அந்த ஆத்தோரம் அறுபது கிலோமீட்டருக்கும் மாடு மேயுற புல்லுதானே இருக்கு. ஒரு பீச் மரம் கிடையாது. உன் எலி ஏழும் பஸ் புடிச்சு வந்துச்சா?"

பங்க்கே சிரித்தது. க்ளெனிஸும் சிரித்தாள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை சிரித்தாள்.

அதற்குப் பிறகு கடிதம் போடும் ஒவ்வொரு கேட்டிலும் யாராவது ஒருவர் அந்த ஏழு எலியைப் பற்றி விசாரித்தார். இரண்டு சனிக்கிழமை பின்கண்ணாடியில் மர்ரேயின் வெள்ளை வண்டி தெரிந்தது. இரண்டு முறையும் அவள் ஓடைக்குப் போகாமல் கடைக்குப் போய்ப் பால் வாங்கித் திரும்பினாள். தான் செய்வது காவலா, பேராசையா என்று பால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. டன்மோர் தூண்டில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாலத்தில் வண்டி நின்றால் அன்றைக்கு அதற்கு மேலே உள்ள தண்ணீர் அந்த ஆளுக்கு. எத்தனை தூண்டில், எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கண்ணாடியில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் படித்துவிட்டு வேறு தண்ணீர் தேடிப் போவார். மீறுகிறவனோடு ஊரில் யாரும் பேசமாட்டார்கள். க்ளெனிஸ் முகட்டுக்கு இந்தப் பக்கம் ஓடும் ரெட்பர்ன் ஓடையின் பாலத்தில் வேனை நிறுத்தினாள். 'ஒரு தூண்டில், மேல்பக்கம், காலை ஏழு' என்று எழுதி வைத்தாள். பிறகு ரெட்பர்னில் கால்கூட வைக்காமல் மலையேறி, முகட்டைத் தாண்டித் தன் ஓடைக்கு இறங்கினாள்.

அன்று ஒரு மீனைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மீனைப் பார்க்க வேண்டிய கண் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. கிளம்பினாள்.

முகட்டுக்கு வந்தபோது கீழேயிருந்து தன் பெயர் கேட்டது.

"க்ளெனிஸ்! க்ளெனிஸ்!"

ரெட்பர்ன் பால் கலந்த டீ நிறத்தில் பெருகிக்கொண்டிருந்தது. கரையில் மர்ரே. கையில் தூண்டில் இல்லை, ஒரு கம்பு மட்டும். எதிர்க்கரைக்குக் கடக்கப் பார்க்கிறான். அவளைத்தான் தேடுகிறான், அவள் போகாத ஓடையில்.

கழுத்தில் விசில் தொங்கியது. ஊதினால் நிமிர்ந்து பார்ப்பான். மரமில்லாத இந்தப் புல்முகட்டில் ஒருத்தி நிற்கிறாள் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள் பதுங்கி இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் பாலம். அங்கிருந்து ஹாரன் அடித்தால் போதும். அதற்குள் அவனே திரும்பிவிடுவான், முட்டாளா என்ன. அவள் அப்படியே நின்றாள்.

மர்ரே தண்ணீரில் இறங்கினான். முழங்கால். தொடை. கம்பு வழுக்கியது. இடுப்போடு சாய்ந்து ஒரு பாறையைக் கட்டிக்கொண்டான்.

அப்போதுதான் ஊதினாள். மூச்சுப் போகும்வரை ஊதினாள்.

அவள் ஓடி இறங்கி வந்தபோது அவன் கரையேறி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை கிழிந்திருந்தது.

"எங்கம்மா தொலைஞ்ச? பாலத்துல காலையிலேர்ந்து உட்கார்ந்திருந்தேன்."

"என் பின்னாலேயே வந்தியா?"

"வந்தேன், மறைக்கலை. ஆனா உன் சீட்டைப் பார்த்துட்டு தண்ணில கால் வைக்கலை. மழை கொட்டவும்தான் தேடி இறங்கினேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கடுதாசி யார் போடுறது?"

அவள் கைக்குட்டையால் அவன் கையைக் கட்டினாள்.

"மேல எவ்வளவு நேரமா நின்ன?" என்று கேட்டான்.

"இப்பதான் வந்தேன்."

அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

பிறகு அவன் முகட்டை அண்ணாந்து பார்த்தான்.

"அப்போ அந்தப் பக்கம்."

அவள் கைக்குட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் க்ளெனிஸ். ஆனா வராம இருக்க என்னால முடியாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். சனியா ஞாயிறா, உனக்கு எது?"

ஒன்பது வருடமாக இரண்டுமே அவளுடையவை. கைக்குட்டையில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தாள்.

"எது வேணுமோ நீ முதல்ல எடுத்துக்கோ."

"அப்போ சனி" என்றான் மர்ரே, குளிரில் பல் கிடுகிடுக்க. "சனிக்கிழமை மழை பெஞ்சா?"

"பெஞ்சா போகாதே" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.