வெட்டிய துண்டு

மன்னாரில் தியேட்டரில் படம் ஓட்டிய பென்ஜமின், 1994இல் ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஓர் அருங்காட்சியகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே யானையளவில் ஓர் ஆதிகாலக் கணினி. பழைய சினிமாச் சுருளில் துளையிட்டுத்தான் அதற்குக் கட்டளை கொடுப்பார்கள். அதை இயக்கிக் காட்டும் விழாவன்று காலை சுருள் அறுந்துகிடந்தது. கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர் வருமுன்பே பென்ஜமின் தியேட்டர் வழக்கப்படி கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு ஒட்டினார். சனங்களுக்கு முன்னால் கணினி இரண்டும் இரண்டும் ஒன்பது என்றது.

"படத்தில கொஞ்சம் வெட்டினால் ஆருக்கும் தெரியாதப்பா," என்றார் பென்ஜமின்.

"இது படமே? வேலை போகப்போகுது, ஓடிப்போய்ச் சொல்லுங்கோ!" என்றாள் கூடவே துடைக்கும் மனைவி மக்டலீன்.

வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போடுவதும் தியேட்டர் வழக்கம்தான். பென்ஜமின் தலைகுனிந்து அதைப் பொறியியலாளரிடம் நீட்டினார். திரும்ப ஒட்டியதும் கணினி நான்கு என்றது. பொறியியலாளர் சிரித்துச் சுருள் அறைப் பூட்டின் திறப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். சனங்களின் கைதட்டல் மன்னார்வரை கேட்டது என்பார் பென்ஜமின். நான் நம்புகிறேன்.