நீலச் சுறாவின் முகம்

பிள்ளைகளா,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து, மலைக்கு மலை தாவுகிற ஒரு சீனத்து வீரனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுப்பா" என்று பெரியவள் எனக்கு விளக்கம் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு நினைவாகவே இருந்தது. எண்ணூரில் இருக்கிற சின்னத் தாத்தா வீட்டுக்குப் போனால், அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட நீங்கள் போட்டி போடுவீர்களே, அந்த முட்டி எப்படிக் கெட்டது என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை. அவர் கம்ப்யூட்டர் இல்லாமல் தாவியவர்.

அவர் என் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா. கல்யாணம் ஆகும்வரை திருவொற்றியூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. விடியற்காலையில் கடற்கரையில் கராத்தே. வியாசர்பாடியில் இருந்த ஒரு பர்மாக்காரரிடம் கற்றுக்கொண்டாராம். கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்தக் கற்களின் மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போவார். பின்னால் தெருப் பையன்கள் நாங்கள் தாவ முயன்று முழங்காலைச் சிராய்த்துக்கொள்வோம். இது கராத்தேவா, குங்ஃபூவா என்று கேட்டால், "ரெண்டும் ஒதைதான்டா, வாங்கிக்கிறவனுக்கு இன்னா வித்தியாசம்?" என்பார்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டில், லாரியின் முகத்தில் இரண்டு முட்டைக் கண், முதுகில் ஒரு தாமரை, அதற்குக் கீழே முதலாளி பிள்ளைகளின் பெயர்கள் என்று வரைந்துகொண்டிருப்பார். மாமாவின் வித்தையை அவர் மதித்ததே இல்லை. "காலங்காத்தால எகிறிகினு கீறான். குரங்கு கூட பசி வந்தா எறங்கிடும், இவன் எறங்க மாட்டறான்" என்று அம்மா காதில் விழும்படி சொல்வார். மாமா சிரித்துக்கொண்டே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பக்கத்துக்கு ஒரு சினிமா கம்பெனி வந்தது. சீனாவிலும் ஜப்பானிலும் மட்டும்தான் அதிசய வீரன் இருக்க வேண்டுமா, தமிழிலும் ஒருவனைத் திரைக்குக் கொண்டுவந்தே தீருவது என்று அதன் இயக்குநர் சபதம் போட்டிருந்தாராம். படத்தின் கதை இதுதான்: துறைமுகத்தில் அநாதையாக வளர்கிற ஒருவன், சீனக் கப்பலில் வந்து இறங்கிய ஒரு கிழவரிடம் வித்தை கற்று, நீல உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கடத்தல்காரர்களை உதைக்கிறான். அவன் பெயர் நீலச் சுறா. முகமூடியின் உச்சியில், சுறாவின் முதுகில் இருப்பது போல ஒரு துடுப்பு நட்டுக்கொண்டு நிற்கும்.

நடித்தவர் பெரிய நடிகர். பெயர் வேண்டாம். அவருக்கு முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டியதாம், உயரமும் ஆகாதாம். அதனால் சண்டை மாஸ்டர் துறைமுகத்திலேயே ஆள் தேடி, மாமாவைப் பிடித்தார். ஏற்பாடு சுலபமானது. முகம் தெரிந்தால் நடிகர்; முகம் மூடியிருந்தால் மாமா.

ஒரு விடுமுறை நாளில் நைனா என்னை எண்ணூருக்கு அழைத்துப்போனார். நான் அழுததால் அழைத்துப்போனதாக வெளியே சொல்லிக்கொண்டார். முகத்துவாரத்து மணலில் கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். வேடிக்கை பார்க்க வந்த மீனவர்கள் மாமாவின் உடுப்பைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"யோவ், சொறாவுக்குத் தலையிலயா ரெக்க கீது?"

"அது சொறா இல்ல மாமு, கோழி. நீலக் கலர் கோழி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை. அவர் பார்வை கன்டெய்னர் உச்சியிலேயே இருந்தது. கீழே அட்டைப் பெட்டிகளைக் குவித்து அதன்மேல் மெத்தை போட்டிருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு பாயளவுகூடத் தெரிந்திருக்காது.

மாமா தாவினார். கடற்காற்று அந்தத் துடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டது. உடம்பு சாய்ந்து, மெத்தையின் ஓரத்தில் முட்டி மடங்க விழுந்தார். கோழி என்று சொன்னவரே "ஐயோ சாமி" என்று கத்தினார். மாமா எழுந்து கையை ஆட்டினார். நொண்டியபடியே ஏணியில் ஏறி மறுபடி தாவினார். இந்த முறை சரியாக வந்தது. உடனே குடையின் கீழிருந்து பெரிய நடிகர் எழுந்து வந்தார். மாமா விழுந்த இடத்தில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றி, கேமராவைப் பார்த்து மூச்சு வாங்கினார். ஒருவர் அவர்மேல் பக்குவமாகப் புழுதி தூவினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நைனாவின் பீடி எரிந்து விரலைச் சுட்ட பிறகுதான் அவருக்கு நினைவே வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பிக்கு நாளையிலேர்ந்து ரெண்டு முட்ட போடு."

இந்த விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது ஒப்பந்தம். நடிகர் டூப் இல்லாமல் தானே எல்லாம் செய்கிறார் என்றுதான் கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் சண்டைக் கலைஞர் சங்கத்தில் அட்டை வாங்கித் தருவதாக மாஸ்டர் மாமாவிடம் சொல்லியிருந்தார். அந்த அட்டை இருந்தால் எந்தப் படத்திலும் வேலை செய்யலாம். மூட்டை தூக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஸ்டுடியோ வாசலைத் தாண்ட முடியாது. மாமா இதை அக்காவிடம் மட்டும் சொன்னார். அம்மா குழாயடியில் முன்னால் நின்றவளிடம் மட்டும் சொன்னாள். சாயங்காலம் நான் மிட்டாய் வாங்கப் போனால் கடைக்காரர், "இன்னாடா, சொறா மாமா இன்னிக்கு எங்க குதிச்சாரு?" என்று கேட்டார்.

எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காதுகுத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், துபாய் போகிறவனுக்குப் பேனர், அங்கே ஒத்துவராமல் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு பேனர். அப்படிப்பட்ட தெருவிலிருந்து ஒருவன் சினிமாவில் தாவுகிறான். அவனுக்குப் பேனர் இல்லையென்றால் நாளைக்கு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? ரகசியம் அல்லவா என்று ஷெட்டில் யாரோ கேட்டதற்கு நைனா, "தெருவுக்கே தெரிஞ்சதுக்கு அப்பறம் அது இன்னா ரகசியம்?" என்றாராம். எங்களுக்கு அப்போது தெருதான் உலகம்.

மாமாவுக்குத் தெரியாமல், அம்மாவின் பெட்டியிலிருந்த போட்டோவை எடுத்துப்போய் நைனா பேனர் துணியில் வரைந்தார். படம் வெளியான அன்று காலை தியேட்டருக்கு எதிரே சவுக்குக் கட்டைகள் நட்டு அதை ஏற்றிக் கட்டினார்கள். நீல உடுப்பில் மாமா, முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். லாரிக்கு வரைந்த கை என்பதால் கண்கள் கொஞ்சம் பெரிது. கீழே, "நீலச் சுறாவாகவே வாழ்ந்த எங்கள் தெரு கராத்தே மாஸ்டரை வாழ்த்துகிறோம் – லாரி ஷெட் நண்பர்கள்" என்று எழுத்து. 'வாழ்ந்த' என்று போட்டதால் செத்துப்போனவர் மாதிரி இருக்கிறதே என்று அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை.

மாமா வந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புத்தான்; அதை நான் பார்த்தேன். யார் வரைந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கண்ணே சொல்லிவிட்டது. அடுத்த நிமிடமே அவர் முகம் வெளுத்தது.

நடிகரின் ரசிகர்கள் பால் குடத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"யார்ரா இவன்? எங்க தலைவரு டூப்பு வச்சி நடிச்சாருன்றீங்களா?"

"அண்ணே, கொளுத்துண்ணே இத!"

ஷெட் ஆட்களும் சும்மா நிற்கிறவர்கள் இல்லை. "வாடா, வந்து கொளுத்திப் பாரு. பால ஊத்த வந்தவன் பால ஊத்திட்டுப் போ" என்று லுங்கியை மடித்துக் கட்டினார்கள். நடுவில் சண்டை மாஸ்டரே வந்து இறங்கினார். அவர் கத்தவில்லை. மாமாவின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். நான் மாமாவின் கையைப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"உன்மேல தப்பில்ல தம்பி. ஆனா இது இங்க தொங்கிச்சின்னா, கார்டு விஷயத்துல நான் யார் கால்ல வுழுந்தாலும் நடக்காது. பத்திரிகைக்காரன் வர்றதுக்குள்ள எறக்கிடு."

மாமா போய்க் கட்டைக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தார். நைனாவின் பக்கம் திரும்பவே இல்லை. நைனா பக்கத்தில் போனார்.

"மச்சான், அவுக்காத."

"மாமு, நீ சொம்மா இரு. எனுக்கு வேற வழியில்ல."

"அவுக்காதன்னு சொல்றேன் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "டேய், ஓடிப் போயி நீல டின்னும் பட்ட பிரஷும் எட்தா" என்றார்.

நான் ஓடினேன். அப்படி ஓடியதே இல்லை. நைனா பயப்படவில்லை, மாமாவின் பெயரை இன்னும் பெரிதாக, அந்த ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதப்போகிறார் என்றே நினைத்தேன். டின்னைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நைனா ஏறினார். பிரஷை முக்கி, தான் வரைந்த மாமாவின் முகத்தின்மேல், நெற்றியிலிருந்து தாடைவரை, நீலத்தை இழுத்தார்.

"நைனா! வோணாம் நைனா!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சிரித்த வாய் போயிற்று. மீசை போயிற்று. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, உச்சியில் துடுப்பையும் இழுத்தார். பிறகு கீழே இறங்கி, கையில் வரைந்திருந்த முகமூடியையும், 'நீலச் சுறா' என்பதையும் நண்பர்கள் பெயரையும் விட்டு மற்ற எழுத்துகளையும் நீலத்தில் மூடினார்.

ரசிகர்கள் விசில் அடித்தார்கள். "இப்ப கரீட்டு!" என்று கொண்டுவந்த மாலையை அந்தப் பேனருக்கே போட்டார்கள், மிச்சப் பாலையும் ஊற்றினார்கள். மாஸ்டர் நைனாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். நைனாவின் கையெல்லாம் நீலம். மாமா தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.

"ரெக்க சரியா வந்துகீதா?" என்று கேட்டார் நைனா.

"சொறாவுக்குத் தலையில ஏது மாமு ரெக்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போய்ப் படம் பார்த்தோம். கன்டெய்னர் மேலிருந்து நீலச் சுறா தாவியபோது தியேட்டரே எழுந்து நின்று ஆடியது. எங்கள் தெரு வரிசை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நைனாவைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுத்து உள்ளே வந்து யாராவது கண்ணை மூடுவார்களா?

மாமாவுக்கு அட்டை கிடைத்தது. அதன் பிறகு முட்டி ஒத்துழைத்த வரைக்கும் எத்தனையோ நடிகர்களுக்காக எங்கெங்கிருந்தோ குதித்தார். அதெல்லாம் பிறகு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நைனா தோற்றுவிட்டார், மாமாவை அவரே அழித்துவிட்டார். சில நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு காலையில் தனியாகத் தியேட்டர் பக்கம் போனேன். கூட்டம் இல்லை. மாலை காய்ந்து தொங்கியது. அந்த நீல முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பேனருக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

அங்கே மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனர் எழுதுகிறவர்கள் முதலில் துணிக்கு ஒரு பூச்சு கொடுத்து, காயவிட்டு, அதன்மேல்தான் வரைவார்களாம். நைனா தகரத்தில் வரைந்தே பழகியவர். வெறும் துணியில் அடித்துவிட்டார். முதலில் போட்ட வர்ணமெல்லாம் பின்பக்கம் இறங்கிவிட்டது. மேலே அடித்த நீலம் அதைத் தாண்டி வரவில்லை. மீசை, பல், அந்த லாரிக் கண் எல்லாம் வலது இடதாக மாறி, கொஞ்சம் மங்கலாக, கடலைப் பார்த்தபடி இருந்தன. நைனாவுக்கு இது தெரிந்திருந்ததா, தெரியாமல் நடந்ததா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்க அவர் இல்லை.

காற்றில் பேனரின் கீழ் மூலை ஒன்று அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூலையை இழுத்துப் பிடித்து, கயிற்றைக் கட்டையில் சுற்றி, என்னால் முடிந்த மட்டும் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன்.