சுறா இல்லாத பதிப்பு

சண்முகவேல் அண்ணாச்சி மாரடைப்பில் இறந்த அன்று முதல் இரங்கல், சென்னையில் சிடி விற்கும் விநியோகஸ்தர் ஒருவரின் குறுஞ்செய்தியாகத்தான் எனக்கு வந்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதியிருந்தார். ஆழம் என்றாலே கொட்டாவி விட்ட மனிதர் இந்த விநியோகஸ்தர்.

கோவில்பட்டியில் எங்கள் கணினி மையத்துக்கு வந்துபோனவர்களுக்கு அந்த நீர்மூழ்கி விளையாட்டு நினைவிருக்கும். நிரல் அண்ணாச்சியுடையது, படம் என்னுடையது. எதிரிக் கப்பல் தலைக்கு மேலே போகும். சத்தத்தை வைத்தே அதன் தூரத்தைக் கணிக்க வேண்டும். அதற்காகச் சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். “கப்பலுக்குள்ள இருக்கவனுக்கு மட்டும் காத்தா வருது?” என்பார்.

விநியோகஸ்தர் விளையாட்டைப் பார்க்க வந்த அன்றும் அண்ணாச்சி மின்விசிறியை நிறுத்தினார். வந்தவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமே நடக்கலையே சார். ஒரு ஜன்னல் வைங்க, வெளிய சுறா வரட்டும், சுடட்டும். அப்பதான் கடையில போகும்” என்றார்.

“அம்புட்டு ஆழத்துல வெளிய இருட்டுலா கெடக்கு. ஜன்னல் வழியா எதைப் பாக்கப் போறான்?” என்று அண்ணாச்சி சிரித்துவிட்டார். விநியோகஸ்தர் போனபின் என்னிடம் சொன்னார்: “இது எல்லாருக்கும் உள்ளது இல்ல வே. ஒலகத்துல அங்கங்க ஒருத்தன் இதுக்குன்னே காத்துக் கெடப்பான். இன்டர்நெட் நல்லா வரட்டும், அவியளுக்கு நேராவே அனுப்புவோம்.”

எனக்குப் பொறுமை இல்லை. என் படம் போட்ட அட்டையைக் கடையில் பார்க்க ஆசை. தன் தங்கை கல்யாணத்துக்கு அண்ணாச்சி குளத்தூர் போயிருந்த வாரத்தில், எனக்குத் தெரிந்த அரைகுறை நிரலை வைத்து ஜன்னலையும் சுறாவையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தவர் கத்தவில்லை. “அட்டையில எம் பேர எடுத்திரும். பழசு பத்திரமா இருக்குல்லா?” என்றார்.

“இருக்கு அண்ணாச்சி” என்றேன். பொய். பழசின் மேலேயேதான் சேமித்திருந்தேன். வேறு பிரதி கிடையாது.

சிடியும் விற்கவில்லை. சுறா சுட ஆசைப்பட்டவர்களுக்கு அதைவிட நல்ல விளையாட்டுகள் இருந்தன. நீர்மூழ்கி தேடியவர்கள் சுறாவைப் பார்த்ததும் காறித் துப்பினார்கள். ‘இதுக்கெல்லாம் மார்க்கெட் இல்ல சார்’ என்று விநியோகஸ்தர் கைகழுவினார். அந்த வாயை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. என் வாயை நினைத்தால் அதைவிட.

காரியம் முடிந்த மறுநாள் மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவராம். ‘உங்கள் பழைய சிடி கிடைத்தது. கப்பல் சத்தம் நிஜத்தில் கேட்பதுபோல் அப்படியே இருக்கிறது. யார் செய்தது? சுறா இல்லாத பதிப்பு இருந்தால் அனுப்புவீர்களா?’

அண்ணாச்சியின் பெயரை எழுதி அனுப்பினேன். அவர் செய்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சத்தம் மட்டும்தான். அதற்கு மேல் என் சுறா நீந்திக்கொண்டிருக்கிறது.