துணி கட்டிய பச்சை வலை

புது நைலான் நூல்கட்டை வெயிலில் பிரித்தால் ஒரு வாசம் வரும்... மண்ணெண்ணெயும் கருவாடும் கலந்த மாதிரி. உவரிக் கடற்கரையில் அந்த வாசத்துக்கு நடுவில்தான் என் வியாபாரப் பாடம் தொடங்கியது.

பாளையங்கோட்டையில் சின்னக் கயிற்றுக் கடை. வாடகைக்கே இழுபறி. அந்த நேரத்தில் ஒரு காண்ட்ராக்டர் பெரிய ஆர்டரோடு வந்தார். பச்சை வலை, ஒவ்வொரு வலைக்கண்ணிலும் பச்சைத் துணி கட்ட வேண்டும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உவரியில் வலை முடிகிற பெண்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டேன்.

வலைக்கண்ணை விரலால் அளந்தே எந்த மீனுக்கு என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். அந்தோணியம்மாள் அக்காதான் முதலில் சந்தேகப்பட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, துணியெல்லாம் கெட்டச் சொல்லுதிய... மீனுக்குச் சட்டை போட்டு உடப் போறியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "தோட்டத்துக்கு நிழல் போட, அக்கா" என்று ஒரு பொய் சொன்னேன்.

மனசு கேட்கவில்லை. காண்ட்ராக்டரிடம் போய்க் கேட்டேன்.

"ராணுவ லாரிய மறைக்க வே. இலங்கைக்குப் போகுது. அந்த ராணுவத்துக்கு நம்ம நாட்டு முகாம்லயே பயிற்சி குடுக்காங்க, நீரு வலை குடுக்க யோசிக்கீரு!"

அங்கே சண்டை உச்சத்தில் இருந்த சமயம். அக்காவின் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருந்தது மன்னாரில்.

இரண்டு நாள் உவரிப் பக்கமே போகவில்லை. சொன்னால் கடை போய்விடும். சொல்லாவிட்டால், தங்கச்சி ஊருக்குப் போகிற ராணுவ லாரியை மறைக்க அக்கா கையே முடிச்சுப் போடும்... மூன்றாம் நாள் காலை பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. கையிலிருந்த வலை ஊசியை மண்ணில் குத்தி வைத்தார்.

"மொதல்லயே சொல்லிருந்தா நூலாவது மிஞ்சிருக்கும்லா" என்றார். பிறகு, "கடைய மூடிராதிய. எங்க வள்ளத்துக்குக் கயிறு உங்ககிட்டதான்."

ஆர்டர் கைவிட்டுப் போனது. கடை தாக்குப் பிடித்தது, உவரி வள்ளங்களால். சண்டை ஓய்ந்தபின் தங்கச்சி பிழைத்திருக்கிற தகவலும் வந்தது.

இன்று என் கயிறு வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிறது. போன மாதம், போர் நடக்கும் ஒரு நாட்டிலிருந்து மறைப்பு வலை கேட்டு மெயில் வந்தது. கடைசியில் யார் பயன்படுத்துவார்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். பதிலே இல்லை... அந்த ஆர்டரை விட்டுவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. போர் நடக்கும்போது நம் அரசு எந்த நாட்டுக்கும் ஆயுதமோ பயிற்சியோ கொடுக்கக் கூடாது, கொடுப்பதாக இருந்தால் முதலில் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று டெல்லிக்கு அனுப்ப வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு மனு வைத்தேன்.

"நமக்கு எதுக்கு அண்ணாச்சி அரசியல்?" என்றான் பக்கத்துக் கடை முருகேசன்.

"யாவாரம்லே இது. சரக்கு யார் கைக்குப் போகுதுன்னு கேக்காதவன் யாவாரியா?"

முனகிக்கொண்டே முதல் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

அந்தப் பச்சை வலை நாளில் யாருக்கு எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியாது. இன்று டெல்லியிலிருந்து பதில் வந்திருக்கிறது... 'பரிசீலனையில் உள்ளது'. ஒரே வரிதான். ஆனால் மேலே கோப்பு எண் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டு என் மகள் இரண்டாவது கடிதத்தை டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள்.