முன்னாடி இருபத்தொம்பது, பின்னாடி இருபத்தேழரை

உனக்கு இன்னாத்துக்கு நைனா இதெல்லாம்? சைக்கிள வாங்கப் போறியா, கட்டிக்கப் போறியா? மலை சைக்கிளுக்கு இருபத்தாறு இன்ச்சு வீலு நல்லதா, இருபத்தேழரை நல்லதா, இருபத்தொம்பது நல்லதான்னு நாள் பூரா போனத் தேய்ச்சிக்கினு கீற. அதுல கீறவன் ஆளுக்கு ஒண்ணு சொல்றான். எழுந்து போயி மூணையும் ஒரு தபா ஓட்டிப் பாத்தா முடிஞ்சுது. அத்த உட்டுட்டு கெழவியக் கேக்க வந்துட்ட. சரி, வந்தது வந்துட்ட, குந்து. அந்த செயினு மேல கைய வெக்காத, வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்து கீற.

1. நான் வீலாண்ட குந்தின கதை

மேற்கு மாம்பலத்துல காதர் பாய் சைக்கிள் கடை. நான் மொதல்ல அங்க பெருக்கத்தான் போனேன். படிப்பு மூணாங்கிளாசு. நான் பள்ளிக்கூடத்த உடல, அதுதான் என்னை உட்டுது.

மொத நாளு. பாய் ஒரு வீல ஸ்டாண்டுல மாட்டி, சுத்தி உட்டு, கோட்டம் எடுத்துக்கினு இருந்தாரு. அதாவது, நெளியுற வீல நேராக்கற வேலை. ஸ்போக்கு கம்பிய ஒரு பக்கம் முடுக்கினா அது மறுபக்கம் ஆடுது. அரை மணி நேரமா மல்லுக்கட்டறாரு. நான் வாய மூடிக்கினு பெருக்கணும். பெருக்கினேன், ஆனா வாய மூடல.

"பாய், காத்து அடிக்கிற எடத்தாண்ட ரெண்டாவது கம்பி தொளதொளன்னு கீது. அத்த உட்டுட்டு ஊர்ல கீற கம்பியெல்லாம் முடுக்கறியே!"

பாய் கண்ணாடிய மூக்குக்கு எறக்கினாரு. "நீ எப்படிம்மா பாத்த?"

"எங்க பாத்தேன்? கேட்டேன். சுத்தறப்ப அது மட்டும் டிக்கு டிக்குன்னுது."

தொட்டுப் பாத்தாரு. அந்தக் கம்பிதான். ஸ்போக்கு சாவிய எங்கிட்ட நீட்டினாரு. அன்னிக்குத் தொடப்பத்தக் கீழ வெச்சவதான். அதுக்கப்புறம் கடைய அவருதான் பெருக்கினாரு.

வர்றவனுங்க கேப்பானுங்க, "இன்னா பாய், இந்தம்மாவா வீலு கட்டுது?"ன்னு. பாய் தலையக் கூட தூக்க மாட்டாரு. "பிடிக்கலையா? அடுத்த தெருவுல ஆம்பளை கட்டறான். போயிட்டு, கோட்டம் எடுக்கறதுக்கு மறுபடி இங்கயே வா"ம்பாரு. அப்படி ஒரு மனுஷன்.

2. வளையலும் தாம்பாளமும்

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். வூட்டு வாசல்ல மிதியடி கீதுல்ல? ஒரு வளையலத் தரையில உருட்டி உடு. மிதியடி ஓரத்துல முட்டிக்கினு படுத்துக்கும். அதே வேகத்துல ஒரு தாம்பாளத்த உருட்டு. ஏறிப் போய்க்கினே இருக்கும். அதான் பெரிய வீலு. கல்லு, வேரு, குழியெல்லாம் அதுக்குச் சின்னதாயிடும். சின்ன வீலு குழியில முழுசா எறங்கி ஏறும். பெரிசு மேலாக்கத் தாண்டிடும். ஓடற வேகமும் சுருக்கக் கொறையாது. ராத்திரி படுக்கறப்ப உன் இடுப்பு உன்ன வாழ்த்தும்.

அப்ப எல்லாருக்கும் தாம்பாளமே குடுத்துடலாமேன்னு நெனைக்காத. தாம்பாளத்தக் கெளப்பறது கஷ்டம். நின்னு நின்னு மிதிச்சா தொடை சொல்லும். சடார்னு திருப்பவும் வராது. வளையலு ஒரு தட்டுல ஓடும். ரங்கநாதன் தெருவுல ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கினு பொம்பளைங்க பூந்து போறாங்க பாரு, அப்படி நெளியும். கம்பியும் குட்டை, அதனால கெட்டி. இருபத்தாறு அந்த ஜாதி. இருபத்தேழரை நடுவால, ரெண்டு பேரோட கொணமும் கொஞ்சங் கொஞ்சம்.

இவ்ளோவும் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் பண்ணவ இன்னா தப்பு பண்ணுவாளோ அத்தத்தான் நானும் பண்ணேன்.

3. ஸ்டெல்லா டீச்சரு

சாந்தோம் பொண்ணு. கன்னியாஸ்திரி ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஆளு என் தோளு ஒசரம். நானே மேல் தட்டுல கீற டப்பாவ எடுக்க ஸ்டூலு போடறவ, பாத்துக்கோ. ஆனா சாந்தோம்லேருந்து மாம்பலத்துக்கு மிதிச்சிக்கினு வந்து, மூச்சு வாங்காம பேசுவா.

அவ ஸ்கூல்ல ஆறு பொண்ணுங்களுக்கு மலை சைக்கிள் கத்துக் குடுத்திருந்தா. ஜவ்வாது மலையில பொம்பளைங்க மட்டும் போற ரைடு ஒண்ணு கீது. அதுக்கு அந்த ஆறு பேரையும் கூட்டினு போவணும்னு ஆசை. நடுவுல ஒரு பாறை எறக்கம். டீச்சரு ரெண்டு தபா போயி, ரெண்டு தபாவும் அங்க எறங்கித் தள்ளிக்கினு வந்துட்டா. ஸ்கூலு பெரிய சிஸ்டரு சொல்லிட்டாங்க: "நீயே தள்ளிக்கிட்டு வர்ற இடத்துல பிள்ளைங்களை யாரு பாத்துப்பா? முதல்ல நீ முழுசா ஓட்டிக் காட்டு. அப்புறம் கூட்டிட்டுப் போ."

வர்ற ஞாயித்துக்கெழமதான் டீச்சரு ஓட்டிக் காட்டக் கடைசி வாய்ப்பு, அதுக்கு அடுத்த ஞாயிறு பொண்ணுங்களக் கூட்டினு போற கடைசி ரைடு. அதுக்கப்புறம் மழை, அப்பால பரீட்சை, அப்பால அந்தப் பொண்ணுங்க ஸ்கூல உட்டே போயிடுவாங்க.

டீச்சரு சைக்கிளு இருபத்தொம்பது. அண்ணங்காரன் வெளிநாட்டுலேருந்து வந்தப்ப ஆசையா வாங்கிக் குடுத்தது.

"ரொம்ப உயரமா இருக்குது சரோஜாம்மா. கால் தரைக்கு எட்டல. சின்ன வீலு போட்டுத் தர முடியுமா?"

பாய் அப்ப ஆம்பூர்ல பொண்ணு வூட்டுக்குப் போயிருந்தாரு. கடையில நான்தான் ராணி. பாத்தேன், டிஸ்க்கு பிரேக்கு, வீலு நடுவுல கீற தட்டப் புடிக்கிறது. ரிம்மப் புடிக்கிற கட்டை பிரேக்கா இருந்தா வீலு மாத்தினா கட்டை எட்டாது. டிஸ்க்குக்கு அந்தப் பேஜாரு இல்ல. "வீலுதானம்மா? பூ கட்டற மாதிரி கட்டிடறேன்"ன்னுட்டேன்.

ரெண்டு ஹப்பையும், அதாவது வீலோட நடு உருளைய, கழட்டி, இருபத்தேழரை ரிம்மு போட்டு, வீலுக்கு முப்பத்திரண்டு குட்டைக் கம்பி கோத்து, செவ்வாக்கெழம சாயங்காலம் முடிச்சேன். டீச்சரு ஏறி நின்னா. கால் தொட்டுச்சு.

"எப்படி கீது?"

"தொடுது சரோஜாம்மா!"

எனக்குத் தலையில கிரீடம் வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு நாளுதான் வெச்சிருந்தேன்.

4. முட்டியில பிளாஸ்திரி

புதன்கெழம மத்தியானம் டீச்சரு சைக்கிளத் தள்ளிக்கினு வந்தா. முட்டியில பிளாஸ்திரி. அடையாறு பக்கம் பழகப் போயிருக்கா. பிளாட்பாரத்துல ஏறி மிதிக்கறப்ப பெடலு கல்லுல இடிச்சு, ஆளு ஒரு பக்கம், சைக்கிளு ஒரு பக்கம். வேற யாராவதா இருந்தா என் கொடல உருவியிருப்பாங்க. இவ சாக்பீஸால பெடல்ல ஒரு கோடு போட்டு, "இங்கதான் இடிக்குது"ன்னு காட்டறா.

பாய் அன்னிக்குக் காலையிலதான் ஊர்லேருந்து வந்திருந்தாரு. சைக்கிள ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குனிஞ்சு, பெடலு மாட்டற நடு அச்சுக்குக் கீழ கைய வெச்சுப் பாத்தாரு.

"ரெண்டு வீலும் சின்னதாக்கினா வண்டி மொத்தமும் ஒரு விரக்கடை கீழ இறங்கும்மா. இந்த ஃபிரேமு பெரிய வீலுக்குன்னே பண்ணது. வீலப் பாத்த. வண்டியப் பாத்தியா?"

நான் குனிஞ்சு அந்த சாக்பீஸ் கோட்டப் பாத்தேன். வண்டிய அப்பதான் மொத தபா பாத்தேன்.

"பழசையே மாட்டிடு. வேற வழியில்ல"ன்னுட்டாரு பாய்.

டீச்சரு மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கு ஒண்ணு ஒதச்சுது. கால் எட்டலன்னா நிக்கறப்பதான கஷ்டம்? ஓடறப்ப காலு தரைக்கு எதுக்கு?

"ஏம்மா, அந்தப் பாறை எறக்கத்துல உனக்கு இன்னாதான் ஆவுது? அத்தச் சொல்லு."

"அது... ஒண்ணுமில்ல சரோஜாம்மா. பயமா இருக்கும்." சொல்லிக்கினே பாயப் பாத்தா. அப்பால தரையப் பாத்தா.

பாறையப் பாத்து பயந்தவ பாய எதுக்குப் பாக்கறா?

"பாய், டீ வாங்கினு வா."

"இப்பதானம்மா குடிச்சோம்?"

"நீ குடிச்ச. போ."

பாய் போனதும் டீச்சரு பையிலேருந்து ஒரு டிராக் பேண்ட்ட எடுத்தா. பின்பக்கம் நட்ட நடுவுல கிழிஞ்சு கீது. டயரு பல்லு அச்சு அச்சா வுழுந்து கீது.

"செங்குத்தா இறங்கும்போது உடம்ப சீட்டுக்குப் பின்னால தள்ளணும். இல்லன்னா தலைகுப்புற போயிடுவோம். நான் குட்டை. பின்னால தள்ளினா நேரா டயர் மேலயே போய் உக்காந்துடறேன். ரெண்டு தடவையும் அங்கதான் உரசி, பயந்து இறங்கிட்டேன். இத அண்ணன்கிட்ட சொல்ல முடியுமா? பாய்கிட்ட சொல்ல முடியுமா? அதான் கால் எட்டலன்னு சொன்னேன்."

நான் சிரிச்ச சிரிப்புல ஸ்டாண்டுல இருந்த வீலு தானா சுத்துச்சு. "அடிப்பாவி, இத்த மொதல்லயே சொல்லியிருந்தா உன் முட்டி தப்பிச்சிருக்குமே!"

டீச்சரும் சிரிச்சா. அப்பால கண்ணத் தொடச்சிக்கினு யோசிச்சா. "ஆனா ஒண்ணு. முன்னாடி பெரிய வீலு இருந்தப்ப கல்லுல ஏறினதே தெரியல. நேத்து சின்னதுல போனப்ப ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிஞ்சுது. உரசறது பின் வீலுதானே? பின்னாடி மட்டும் சின்னது இருக்கட்டும். முன்னாடி பெரிசையே திருப்பிக் குடுத்துடுங்களேன்."

கேட்டுக்கோ. இத்தச் சொன்னது நான் இல்ல, பாய் இல்ல. கிழிஞ்ச பேண்ட்ட கையில வெச்சிக்கினு நின்ன டீச்சரு.

பாய் டீயோட வந்தாரு. சொன்னோம். "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணா? டிராக்டரத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்குமே! அது ஏன் பின்னாடி மட்டும் சின்னது?"

நாங்க ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

பாய் கில்லாடி. காரணம் தெரியலன்னாலும் வேலைய உடல. "பின்னாடி சின்னதுன்னா நடு அச்சு பாதியாவது இறங்கத்தான் செய்யும். கிராங்க மாத்தணும்"ன்னாரு. கிராங்குன்னா பெடலத் தாங்கற கை. குட்டைக் கிராங்கு போட்டா பெடலு தரைய உட்டு மேல வந்துடும், குட்டைக் காலுக்கும் அதான் தோது. சீட்டு மூக்கு வானத்தப் பாத்துச்சு, அத்தத் தட்டி நேராக்கினாரு. "ஏத்தத்துல முன் வீலு கொஞ்சம் அலையும், முன்னாடி சாஞ்சுக்கோம்மா"ன்னு டீச்சருக்குச் சொன்னாரு.

நான் முன் ஹப்ப மறுபடி பிரிச்சு, ஆணியில தொங்கின பெரிய ரிம்மையும் நீளக் கம்பியையும் கோத்தேன். அன்னிக்கு நான் கட்டின மாதிரி வீலு என் ஜென்மத்துல கட்டல.

5. பாறை

ஞாயித்துக்கெழம என்னையும் வேன்ல ஏத்திக்கினாங்க. மெக்கானிக்காம். பாறை எறக்கத்துக்குக் கீழ போயி நின்னேன். அண்ணாந்து பாத்தேன். எறக்கமா அது? யாரோ மலையச் சீவி உட்ட மாதிரி கீது. மூணு பொம்பளைங்க எறங்கித் தள்ளிக்கினு வந்தாங்க. அவங்களும் சாமானியப்பட்டவங்க இல்ல.

மேல டீச்சரு தெரிஞ்சா. நின்னா. சிலுவை போட்டுக்கினா. நான் எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்ட்டேன், பாய்க்காக அவரு சாமியையும் சேத்து.

முன் வீலு பாறை விளிம்பத் தாண்டிச்சு. பெரிய வீலு, முட்டிக்கல, வழிஞ்சு எறங்கிச்சு. டீச்சரு உடம்ப அப்படியே பின்னால தள்ளினா. டயருக்கும் அவளுக்கும் நடுவுல எடம் கீது, நான் கண்ணால பாத்தேன். பாதியில முன் வீலு ஒரு பக்கம் வழுக்கிச்சு. நான் கண்ண மூடலாம்னு நெனச்சேன், மூட மறந்துட்டேன். அவ கால எடுக்கல. ஹேண்டல ஒரு துளி திருப்பி, வீல அது போக்குல உட்டே புடிச்சா. தோளு கூட அசையல.

என்னைத் தாண்டிப் போறப்ப கத்தினா: "உரசல! சரோஜாம்மா, உரசல!"

பக்கத்துல வேன் டிரைவரு நின்னுக்கினு இருந்தாரு. "எது உரசல? பிரேக்கா?"ன்னாரு.

"ஆமா நைனா, பிரேக்கு"ன்னேன்.

கடைசி ஆளா வந்து முடிச்சா. ஆனா எங்கயும் எறங்கல. அந்த ஆறு பொண்ணுங்களுக்கும் சிஸ்டரு கையெழுத்து போட்டுட்டாங்க. அடுத்த ஞாயிறு மலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அதுங்கள எங்க கடைக்குக் கூட்டினு வந்து, டீச்சரே அந்தக் கிழிஞ்ச பேண்ட்டக் காட்டி, "எங்க உரசினாலும் சொல்லணும். சொல்ல வெக்கப்பட்டு எவளும் சைக்கிள விட்டு இறங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டா. அதனாலதான் நானும் உன்னாண்ட தைரியமா சொல்றேன்.

எந்த சைஸு நல்லதுன்னு கேட்டியே. நான் தெரிஞ்சிக்கினது ஒண்ணுதான். ஓட்டறவங்க இன்னா கேக்கறாங்களோ அந்த வீல உடனே கட்டிடாத. எங்க இன்னா ஆவுதுன்னு கேளு. சொல்லத் தயங்கினா, நடுவுல யாரு நிக்கறாங்கன்னு பாரு. அவங்கள டீ வாங்க அனுப்பு.

எல்லாம் முடிஞ்சு ஒரு நாளு வூட்டுக்கு வந்தப்ப தெருவுல நாலு பொம்பளைங்க மறிச்சிக்கினாங்க. "இன்னா சரோஜாக்கா, சைக்கிள் கடைக்காரிக்கு மலையில இன்னா வேலை?"

"மாடிப்படியில துணி பக்கெட்டத் தூக்கினு எறங்கவே நாம செவுத்தப் புடிச்சிக்கிறோம். ஒரு பொண்ணு பாறையில ரெண்டு சக்கரத்துல எறங்கினா. என் கண்ணால பாத்தேன்"ன்னேன்.

"வீலு நீ கட்டினதாமே?"

"வீலு நான் கட்டினேன். ஒரு தபா தப்பாவும் கட்டினேன். எறங்கினது அவ."

எதிர் வூட்டு கோமளா உடல. "அது சரிக்கா, பின்னாடி மட்டும் ஏன் சின்ன வீலாம்?"

அவ வூட்டுக்காரரு கேட்டுல சாஞ்சிக்கினு, பேப்பரு படிக்கிற மாதிரி காத இங்க குடுத்துக்கினு இருந்தாரு. "அவர உள்ள போவச் சொல்லு, சொல்றேன்"ன்னேன். அவரு நவுரல. எனக்கு இன்னா போச்சு? அவரு எதிர்லயே உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். பொம்பளைங்க வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்க. அவருதான் பேப்பரத் தூக்கி மூஞ்சிய மூடிக்கினாரு.