603 என்று தொடங்கும் முகவரிகள்

தாம்பரத்தில் மின்சார ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை கோகிலவாணிக்கு. விண்ணப்பம் வந்தால் அவள் படிப்பைப் பார்ப்பதற்கு முன் பின்கோடைத்தான் பார்ப்பாள். 600 என்று தொடங்கினால் சென்னை, கூப்பிடலாம். 603 என்றால் மதுராந்தகம் பக்கம். அவர்களுக்கு "அப்புறம் சொல்றோம்". அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. காலை ஏழு மணி ஷிப்டுக்கு ரயிலை நம்பி வருகிறவர்கள் வேண்டாம் என்பது கம்பெனியின் பழைய விதி.

இதில் கூத்து என்னவென்றால், கோகிலவாணியே மதுராந்தகத்தை அடுத்த அச்சிறுபாக்கத்துக்காரி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தோழி ரோஸியின் சிட்லபாக்கம் வீட்டைத் தன் வீடென்று எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்தாள். எட்டு மாதம் இருட்டில் கிளம்பி, பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறி வந்து, ஒரு நாள்கூட லேட் ஆகாமல் மெஷினில் நின்றாள். பிறகு ஆபீசுக்கு மாற்றினார்கள். இன்றைக்கு சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே சொந்த பிளாட். அந்தப் பொய்யைப் பற்றி ஊரில் இருக்கும் அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

போன வாரம் தேவதர்ஷினி என்று ஒரு பெண் நேரில் வந்து நின்றாள். டிப்ளமோவில் நல்ல மார்க். முகவரியைப் பார்த்ததும் கோகிலவாணிக்குத் திக்கென்றது. சொந்த ஊர். பக்கத்து நாற்காலியில் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் வேறு.

"ஏழு மணிக்கு எப்படிம்மா வருவே?"

"வந்துடுவேன் மேடம்."

வருவாள் என்று கோகிலவாணியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் "அப்புறம் சொல்றோம்" என்றாள். தன் பழைய கதையை யாராவது கிளறிவிடுவார்களோ என்ற பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானமே மேனேஜர் ஒரு ரிப்போர்ட் கேட்டார். மூன்று வருஷத்தில் சென்னையில் எத்தனை பேருக்கு வேலை, சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேருக்கு என்று. சென்னைக்கான கட்டத்தில் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. மற்றதில் பூஜ்யம்.

"அந்தப் பக்கம் தகுதியான ஆள் கெடைக்கலைன்னு கீழ ஒரு லைன் சேர்த்துடுங்க மேடம்."

சேர்த்தாள். தகுதியான ஆளைத் திருப்பி அனுப்பி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எத்தனை பேரைத் தன் கையாலேயே தள்ளியிருப்பாள்!

மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று தேவதர்ஷினிக்குப் போன் போட்டாள். மெல்லிய குரலில், "தாம்பரம் பக்கத்துல ஏதாவது அட்ரஸ் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு மேடம். பெருங்களத்தூர்ல சித்தி வீடு. முதல்ல அதைத்தான் எழுதலாம்னு இருந்தேன். உங்க அம்மாதான் வேணாம்னாங்க."

"எங்க அம்மாவா?"

"ஆமா மேடம், நாங்க அடுத்த தெருதான். 'எம்பொண்ணுதான் அங்க ஆள் எடுக்கிறா. சிபாரிசுன்னு வாயைத் தொறக்காதே, நம்ம ஊர் பேரை மட்டும் எழுது. பார்த்தா கைவிடமாட்டா'ன்னாங்க."

கோகிலவாணி மாடிப்படிக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்தாள். மேனேஜர் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"மேடம்? சித்தி வீட்டு அட்ரஸையே எழுதிக் கொண்டாரட்டுமா?"

"ஆமாம்மா. அதையே எழுது."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். உங்க அம்மாகிட்ட இப்பவே ஓடிப்போய்ச் சொல்லிடறேன்."