அந்த ஒரு டக்

நான் போடுவது எந்த வகை இசை என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சர்ச் கீபோர்டு, தவில், கம்ப்யூட்டர் இரைச்சல் எல்லாம் ஒரே பாட்டில் வரும். பிடித்தால் கேளுங்கள், இல்லையென்றால் எழுந்து போங்கள். வெளிநாட்டு மேடைகளில்கூட எழுந்து போயிருக்கிறார்கள். கடைசி வரை இருந்தவர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: தாளம் சீராக ஓடும்போது நடுவில் தப்பி விழுகிற அந்த ஒரு அடி எங்கிருந்து வந்தது?

அது என் அம்மாவின் ஓவர்லாக் மெஷின். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ராயபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் அம்மா பனியனுக்கு ஓரம் அடித்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு ‘டக்’. அந்த மேஜைக்கடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவன் நான். மேடையில் எதையெதையோ தட்டிப் பார்த்தும் அசல் வரவில்லை. போன வருஷம் அம்மாவுக்குப் போன் செய்து, மெஷின் சத்தத்தைப் பதிவு செய்ய வருகிறேன் என்றேன்.

போய் மைக்கை வைத்து ஓட்டச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. டக் இல்லை.

“நீ வாரேன்னு மெக்கானிக்க வரச்சொல்லி சர்வீஸ் பண்ணிட்டேம்யா. அந்தச் சத்தத்த நாலு பேரு கேட்டா என்ன நெனைப்பாவ?”

இனி சத்தமே வராதுங்க என்று சொல்லிவிட்டு, தேய்ந்த பாகத்தை மெக்கானிக் கையோடு கொண்டுபோய்விட்டாராம். எனக்கு வந்ததே கோபம். கத்தித் தீர்த்தேன். வயரைச் சுருட்டி, மைக்கைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தேன்.

அம்மா மறுபடி மெஷினை ஓட்டினாள். கத்தரிக்கோல் பிடியால் மேஜையில் ஒரு தட்டு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதே இடம், அதே கனம். இத்தனை வருஷமும் அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“இதானய்யா?”

இதுதான்மா என்றேன். ஆனாலும் மூடிய பையைத் திறக்க வீம்பு விடவில்லை. அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். மெஷின் இப்போது என் ஸ்டுடியோவில் இருக்கிறது. கத்தரிக்கோலும் இருக்கிறது. தினமும் ஓட்டிக்கொண்டே தட்டிப் பார்க்கிறேன். ஒன்று முந்துகிறது, இல்லையென்றால் பிந்துகிறது. நாலு நாட்டில் கைதட்டல் வாங்கியவனுக்கு அந்த இடம் பிடிபடவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டிக் காட்டேன், அம்மா.